முப்பத்தைந்து வயதில் ஒரு விண்ணப்பம்



சில மாதங்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எமது காரியாலயத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு நேராக பஸ் ஏறி வந்திருந்தார். மகளின் பாடசாலை விடயமாக ஒரு கடிதம் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தோம். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "தலைவரே, நம்மள மாதிரி ஆளுங்க இனி படிக்க ஏதும் வழி இருக்கா? சும்மாதான் கேக்குறேன்" என்றார்.

எங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த வயசுல எதுக்குங்க அக்கா? புள்ளைய நல்லா படிக்க வைங்க." அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த நாங்கள் யாரும் அதற்கு மறுவார்த்தை பேசவில்லை. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் துரையின் காரியாலயம் வரை போகும் நாம், ஓர் அங்கத்தவரின் கேள்வியை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். இந்தத் தலையங்கம் அந்தத் தவறிலிருந்து எழுதப்படுகிறது.

பின்னர் ஆள் அனுப்பி அவரை மறுபடியும் வரச் சொன்னோம். வந்தார். பிளாஸ்டிக் உறை ஒன்றில் பத்திரப்படுத்தி வைத்திருந்த சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளை மேசையில் வைத்தார். பதினெட்டு வருடத்துக்கு முந்திய தாள். சமயத்தில் பீ. தமிழில் சீ. வரலாற்றில் எஸ். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றிலும் டபிள்யூ. "இத வச்சிக்கிட்டு எங்க போறது?" என்று கேட்டார். பிள்ளைக் காம்பராவில் ஆள் குறையும் நாட்களில் உதவிக்கு நின்று பழகியவர் அவர். முன்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையை வீட்டில்கூட அவர் சொன்னதில்லை.

அந்தத் தாளை யார் எழுதியது?

பரீட்சை மண்டபத்தில் விடை எழுதியவர் அவர்தான். ஆனால் அந்த மூன்று டபிள்யூவையும் அவர் மட்டும் வாங்கவில்லை.

இந்த நாட்டில் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை காசில்லாமல் படிக்கலாம் என்றார்கள். எமது பிள்ளைகள் அப்போதும் தோட்டப் பாடசாலையில், ஒரே கொட்டகையில், ஒரே ஆசிரியருக்கு முன்னால் ஐந்து வகுப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1948 இல், பிரஜாவுரிமையும் பறிபோனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகள் ஓடத் தொடங்கி ஒரு தலைமுறை கடந்த பிறகு எமது பிள்ளைகளைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகும் கணிதத்துக்கு ஆசிரியர் வருவார், இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவார், அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் இராது. ஆங்கிலப் புத்தகம் இருக்கும், சொல்லித்தர ஆள் இராது. தாய் மத்திய கிழக்குக்குப் போயிருந்தால் மூத்த பெண்பிள்ளைதான் வீட்டுக்குத் தாய். இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் எமது அங்கத்தவர்களில் எத்தனை பேர், தம்பி தங்கைக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, லயத்தில் ஒரே விளக்குக்குக் கீழே பாடம் படித்தவர்கள் என்பது எமக்குத் தெரியும். நாமும் அந்த லயத்தில்தான் வளர்ந்தோம்.

ஆகவே அந்தத் தாள் சொல்வது ஒரு பிள்ளையின் மூளையைப் பற்றி மட்டுமல்ல. பதினாறு வயதில் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கப்பட்டது, என்ன கொடுக்கப்படவில்லை என்பதையும் அது சொல்கிறது. அதைக் காட்டி ஒருவரை ஆயுள் முழுக்கத் தள்ளி வைப்பது நியாயமில்லை. அவரே தன்னைத் தள்ளி வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய இழப்பு.

கதவுகள் எங்கே இருக்கின்றன?

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களின் வழமையான அனுமதி உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியை வைத்துத்தான் நடக்கிறது. அதற்கு மூன்று முறைதான் தோற்றலாம். வயது வந்த ஒருவர் அந்த வாசலில் போய் நின்று, "எனக்கு அனுபவம் இருக்கிறது" என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் வேறு வாசல்கள் உண்டு. எமது ஆட்களில் பலருக்கு அவை இருப்பதே தெரியாது.

ஒன்று, சாதாரண தரத்தை மறுபடி எழுதுவது. பாடசாலையை விட்டு எத்தனை வருடமானாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். சித்தியடைந்த பாடங்களை மீண்டும் எழுதத் தேவையில்லை. கணிதம் மட்டும் என்றால் கணிதம் மட்டும் எழுதலாம். பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகைகளில் வரும். தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். பழைய பெறுபேற்றுத் தாள் தொலைந்திருந்தால் அதே திணைக்களத்தில் பணம் செலுத்திச் சான்றிதழ் பெறலாம்.

இரண்டு, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக 1980 இல் தொடங்கப்பட்ட அரச பல்கலைக்கழகம் இது. தலைமையகம் நாவலையில். ஆனால் பதுளை, கண்டி, அட்டன், இரத்தினபுரி ஆகிய இடங்களிலும் அதன் நிலையங்கள் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவர்களுக்கு அங்கே அடிப்படைப் பாடநெறிகள் இருக்கின்றன. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயதுக்குத் தடையில்லை. அவற்றை முடித்தவர்கள் அங்கிருந்து பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்து புத்தகம் வைத்துப் படித்து, ஒப்படை எழுதி அனுப்பி, குறித்த சில நாட்களில் நேரில் வகுப்புக்குப் போக வேண்டும். இலவசம் அல்ல, கட்டணம் உண்டு. எந்தப் பாடநெறி தமிழில் நடக்கிறது, அதற்கு என்ன தகைமை என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்று, தொழில் தகைமை. என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்லும் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு, பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்த ஏணியில் ஏறி வருபவர்களுக்காகவே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஓ.எல். கணிதத்தில் தவறியவருக்கும் கீழ்ப்படியில் கால் வைக்க இடம் உண்டு என்பதுதான் இதில் முக்கியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செய்து பழகிய வேலைக்கே சான்றிதழ் பெறும் முறையும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். தொழிற்சாலைப் பட்டறையில் பதினைந்து வருடம் ஸ்பேனர் பிடித்த ஒருவர், கொழும்பில் மேசன் வேலையோ வயரிங் வேலையோ பழகி வந்த ஒரு தம்பி, இவர்கள் மறுபடி முதலாம் பாடத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தகைமையைப் பெறலாம். நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்டக் காரியாலயத்தில் இதை விசாரிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. டவுனில் ஒவ்வொரு மாடிப்படியிலும் இப்போது ஒரு "டிப்ளோமா" போர்டு தொங்குகிறது. ஓ.எல். வேண்டாம், ஆறே மாதம், வேலை நிச்சயம் என்று சொல்லி எமது பிள்ளைகளின் தாய்மாரிடம் நகையை அடகு வைக்கச் செய்து காசு வாங்கியவர்களை நாம் அறிவோம். தொழிற்பயிற்சி தரும் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. உண்டா, எத்தனையாவது மட்டம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் படியிறங்கி வந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

எமது சகோதரி வெற்றுப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் எழுதாமல் இருந்தார். "அனுபவம்" என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார். ஏன் என்று கேட்டோம். "கொழுந்துதானே எடுக்குறேன், வேற என்ன இருக்கு?" என்றார்.

பேசிப் பார்த்தபோது வெளியே வந்தவை இவை. பிள்ளைக் காம்பராவில் ஒரே நேரத்தில் இருபது குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எந்தக் குழந்தைக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்குப் பால் என்று கொப்பியில் குறித்து வைப்பவர் அவர்தான். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்கை ஆறு வருடமாக எழுதுகிறார். ஒரு ரூபாய் பிசகியதில்லை. மாதர் சங்கக் கூட்டத்தில் பேசுகிறார். அந்தக் கணக்குக் கொப்பியைக் காட்டி நாம் கேட்டோம்: "கணக்கு வராது என்று யார் அக்கா சொன்னது?"

எமது ஆட்களுக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லப் பழகவில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் அங்கத்தவர்களுக்குச் சில சொற்கள்.

பழைய பெறுபேற்றை மறைக்காதீர்கள். தவறியதைத் தவறியது என்றே எழுதுங்கள். இடம் இருந்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். அழுது எழுத வேண்டாம். நடந்ததை எழுதினால் போதும். அதன் பிறகு செய்தவற்றை வருடத்தோடு எழுதுங்கள். சங்கக் கணக்கு, கோயில் கமிட்டி, இளைஞர் கழகம், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த மாலை வகுப்பு, எல்லாம் எழுதத்தக்கவை. ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு, "சமூகத்துக்குச் சேவை செய்ய" என்று எல்லோரும் எழுதும் வரியை விட்டுவிட்டு, உங்கள் காரணத்தை எழுதுங்கள்.

பத்திரங்களை முன்கூட்டியே பாருங்கள். எமது சகோதரிக்குத் தடை வந்தது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. எழுதத் தெரியாத தாய் சொல்ல, தமிழ் தெரியாத ஒருவர் சிங்களத்தில் எழுதியதால் வந்த வினை. தோட்டங்களில் இது வீட்டுக்கு வீடு உண்டு. கடைசித் திகதிக்கு முதல் வாரம் இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. படிக்கும் எண்ணம் இல்லாதவர்களும் இன்றே மூன்று பத்திரங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம்மிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

"சம்பளமே போதவில்லை, இதற்கென்ன அவசரம்?"

இப்படிக் கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் வீதியில் நின்றோம், 2021 இல் சம்பளச் சபை மூலம் அது வந்தபோது கொழுந்தின் கிலோ எப்படிக் கூடியது என்பதை யாரும் மறக்கவில்லை. சம்பளப் போராட்டத்தை விட்டுவிட்டுப் படிப்பைப் பேசுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வர்த்தமானியை வாசித்து விளங்கிக்கொள்ளவும், சம்பளச் சீட்டில் எட்டு வீதம் பிடித்திருக்கிறார்களா, கம்பனி தன் பங்கான பன்னிரண்டு வீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு டிவிசனிலும் இருந்தால் அந்தப் போராட்டம் பலப்படும். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கு முதல் சங்கத்தைக் கட்டிய கோ. நடேசய்யர் ஒரு பத்திரிகைக்காரர். அவரும் மீனாட்சி அம்மாளும் துண்டுப் பிரசுரத்தையும் பாட்டையும் கொண்டு வளர்ந்த ஆட்களுக்குத்தான் பாடம் நடத்தினார்கள். வயது வந்தவரின் படிப்பு எமது சங்க மரபுக்குப் புதியதல்ல. நடுவில் நாம் கைவிட்ட ஒன்று.

"படித்தால் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்களே" என்பது அடுத்த கேள்வி. சிலர் போவார்கள். போகட்டும். எமது ஆட்களை மலையிலேயே கட்டி வைப்பதற்குக் கம்பனிகள் போதும், சங்கம் தேவையில்லை. ஆனால் இந்தச் சகோதரி கேட்பது எங்கேயோ போவதற்கு அல்ல. தன் தோட்டத்துக் குழந்தைகளுக்குத் தமிழில் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கத்தான் கேட்கிறார்.

கம்பனிக்கும் அரசுக்கும் எமக்கும்

வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். நேரடி வகுப்புக்கு ஒரு நாள் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் காசும் சாப்பாடும் சேர்த்தால் ஒரு வகுப்பு நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் நட்டம். அதற்குப் பிறகு கட்டணம். இதை ஒரு தொழிலாளி தனியாகச் சுமக்க முடியாது.

ஆகவே தோட்டக் கம்பனிகளிடம் நாம் கேட்பது இது. அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியில் சேர்ந்த தொழிலாளிக்கு, பரீட்சை நாளும் நேரடி வகுப்பு நாளும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக வேண்டும். பிள்ளைக் காம்பராவிலும் தொழிற்சாலையிலும் பதவி காலியாகும்போது, தகைமை பெற்ற தோட்டத்து ஆட்களுக்கு முதல் இடம் தர வேண்டும். அரசிடம் கேட்பது: தமிழ் மொழியில் நடக்கும் பாடநெறிகளைக் கூட்ட வேண்டும், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டணச் சலுகை வேண்டும், தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை நிறைவேறினால், இன்னும் இருபது வருடத்தில் இப்படியொரு தலையங்கம் எழுதவேண்டி வராது.

எம்மிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. வருடா வருடம் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கும் மேடை போட்டு மாலை போடுகிறோம். நல்லது. இத்தனை வருடத்தில் முப்பது வயதுக்குப் பிறகு ஓ.எல். கணிதம் எழுதிச் சித்தியடைந்த ஒருவரைக்கூட நாம் மேடைக்கு அழைத்ததில்லை. இனி அழைப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்டக் காரியாலய மண்டபத்தில் கணித வகுப்பு ஒன்றை நடத்தும் யோசனையை அடுத்த செயற்குழுவில் வைக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வரும் எமது பிள்ளைகளும் மாதம் ஒரு நாள் தந்தால் போதும். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தங்கள் தோட்டத்தில் படிக்க விரும்பும் ஆட்களின் பெயரைச் சேகரித்து அனுப்புங்கள்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி இரவில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் "கலெக்டர் ஆகப்போறியா?" என்று கேட்க வேண்டாம். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அடுப்பை நீங்கள் பாருங்கள். கம்பனி தராத விடுமுறையை நீங்கள் தரலாம்.

எமது சகோதரியின் கதை இன்னும் முடியவில்லை. பெயர்த் திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறார். அது வரும்வரை கணிதத்தைத் தொடங்கிவிட்டார். மகளுடைய பழைய புத்தகம். சொல்லிக் கொடுப்பதும் மகள்தான். பின்னங்களில் நிற்பதாகச் சொன்னார். சித்தியடைவாரா என்று எமக்குத் தெரியாது. விண்ணப்பிப்பார் என்பது தெரியும்.

அவரைப் போல வாசல்வரை வந்து, கேட்கலாமா வேண்டாமா என்று நிற்பவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். உள்ளே வாருங்கள். பெறுபேற்றுத் தாளையும் கொண்டு வாருங்கள். இந்த முறை நாம் சிரிக்கமாட்டோம்.